உட்காரக் கற்றுத்தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கும், சீனியர் சிஸ்டர்களுக்கும், மருந்தாளர் அண்ணாவுக்கும், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்த அம்மாவுக்கும்,

வணக்கம். குழந்தைகளுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்புப் பயிற்சியை, அதாவது கடும் நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் பராமரிப்புக்கான பயிற்சியை முடித்து நான் வார்டுக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. முடித்த அன்றே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். "பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. சரி, என்ன பயன் என்று வார்டில் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று எடுத்து வைத்துவிட்டேன். இப்போது சொல்ல நிறைய இருக்கிறது.

நான் உங்களிடம் வந்ததற்குக் காரணம் ஒரு இரவு. 9 வயதுப் பையன், எலும்பில் புற்றுநோய். கேஸ் ஷீட்டில், கடும் வலிக்கான மார்பின் என்ற மருந்து எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது, அதாவது தேவைப்பட்டால் கொடுக்கலாம். ரவுண்டு போனபோது அவன் அசையாமல் படுத்திருந்தான். தூங்குகிற பிள்ளையை எழுப்புவானேன், அந்த மருந்தை எவ்வளவு குறைவாகக் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். விடிகாலையில் அவன் அப்பா வந்து மெதுவாகச் சொன்னார்: "அவன் தூங்கலை சிஸ்டர். அசைஞ்சா வலிக்குதுன்னு அசையாம கிடக்கான்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பயிற்சியின் முதல் நாள், "உங்களைத் தூங்கவிடாத ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று டாக்டர் நீங்கள் கேட்டபோதுதான் வாய் திறந்தேன். நீங்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. திரும்பிப் பலகையில் "அசையாத குழந்தை" என்று எழுதினீர்கள். அன்றைய பாடம் அந்த இரண்டு சொல்லிலிருந்துதான் ஆரம்பித்தது. வலி நாள்கணக்கில் நீடித்தால் குழந்தை அழுவதை நிறுத்திவிடும், விளையாடாது, முகம் கொடுத்துப் பேசாது, ஒடுங்கிக் கிடக்கும். நாமோ "தொந்தரவு இல்லாத பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தப் பையனுக்கு நான் இனி எதுவும் செய்ய முடியாது. ஆனால் அவன் அன்று அந்த அறையில் இருந்த இருபது பேருக்கும் ஆசிரியன் ஆனான். அதற்காக உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

மார்பின் பயத்தை நீங்கள் அவிழ்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. "பயப்படாதீர்கள்" என்று சொல்லாமல், ஒவ்வொரு பயத்தையும் தனித்தனியாக எடுத்து வைத்தீர்கள். மூச்சு நின்றுவிடுமோ? மூச்சு குறைவதற்கு முன்னால் பெரும்பாலும் மயக்கமான தூக்கம் வரும், ஆகவே தூக்கத்தின் ஆழத்தைக் கவனி. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஆரம்ப அளவை நன்றாகக் குறைத்துக்கொள். மலச்சிக்கலா? மற்றப் பக்கவிளைவுகள் சில நாளில் பழகிவிடும், இது பழகாது. அதனால் மார்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கு. வலி எப்போதும் இருக்கிற குழந்தைக்கு எஸ்.ஓ.எஸ். என்று எழுதுவதே தவறு. கடிகாரத்தைப் பார்த்து 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, முடிந்தவரை வாய் வழியாக. இடையில் வலி பீறிட்டால் அன்றைய மொத்த அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை கூடுதல் டோஸ்.

நான் படித்த காலத்தில் வலியின் கடுமைக்கு ஏற்ப மருந்து கொடுக்க மூன்று படிகள், நடுப்படியில் கோடீன் என்ற மருந்து என்று மனப்பாடம் செய்திருந்தோம். 2012-லேயே உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குக் கோடீனை எடுத்துவிட்டு அதை இரண்டு படியாக்கிவிட்டது என்று உங்கள் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். கோடீன் உடம்புக்குள் போய் மார்பினாக மாறினால்தான் வேலை செய்யும். அந்த மாற்றம் சில குழந்தைகளில் நடப்பதே இல்லை, சிலரில் ஆபத்தான வேகத்தில் நடக்கிறது. இதை யாராவது எனக்குச் சில வருடங்கள் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

மருந்தாளர் அண்ணா, உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி. ஒரு மதியம் முழுவதும் எங்களை வாய்வழி சிரிஞ்சில் தண்ணீரை அளக்கவைத்தீர்கள். "பாட்டில்ல இருக்கிறது மில்லிகிராம், சிரிஞ்ச்ல இருக்கிறது மில்லிலிட்டர். வீட்டுக்குப் போற அம்மாவுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தோணும்" என்றீர்கள். இப்போது டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொரு தாயையும் நான் அளந்து காட்டச் சொல்கிறேன். சிரிஞ்சில் அவருடைய அளவுக்கு நேராக ஒரு கோடும் போட்டுக் கொடுக்கிறேன்.

அடுத்தது வலியை அளக்கும் ஃபிளாக் அளவுகோல். முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. பேசத் தெரியாத குழந்தைக்கு இதுதான் வழி என்று எனக்கு முன்பே தெரியும். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகத் திருத்தப்பட்ட வடிவம் ஒன்று இருப்பதும், அதில் பெற்றோர் தங்கள் பிள்ளைக்கே உரிய வலி அடையாளத்தை எழுதிச் சேர்க்கலாம் என்பதும் தெரியாது. திரும்பி வந்த மாதமே, பேச்சில்லாத 7 வயதுப் பெண் ஒருத்தி அட்மிட் ஆனாள். நாங்கள் முகத்தைப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர்: "வலிச்சா இடது கை கட்டைவிரலை உள்ள மடக்கிக்குவா." போர்வையை விலக்கிப் பார்த்தால் விரல் மடங்கித்தான் இருந்தது. மருந்து கொடுத்து முக்கால் மணி நேரத்தில் கை விரிந்தது. அந்த வரியை அவர் கையெழுத்திலேயே சார்ட்டில் எழுதவைத்தோம். இரவு டியூட்டிக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கட்டைவிரலைத்தான்.

பச்சிளங்குழந்தைகள் பற்றிய வகுப்பை மறக்கவே முடியாது. 1980-கள் வரை குறைமாதக் குழந்தைகளுக்கு, வலியை உணரும் அளவுக்கு நரம்பு முதிரவில்லை என்ற நம்பிக்கையில், போதிய வலிமருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். 1987-இல் டாக்டர் கன்வல்ஜீத் ஆனந்தும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வுகள்தான் அந்த நம்பிக்கையை ஆட்டின. சரியான மயக்க மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு அதிர்ச்சியும் குறைவு, சிக்கல்களும் குறைவு. இதைச் சொல்லும்போது டாக்டர், உங்கள் குரல் தாழ்ந்ததை நாங்கள் எல்லோரும் கவனித்தோம். குதிகாலில் ஊசி குத்துவதற்கு 2 நிமிடம் முன்பு நாக்கில் சில சொட்டு சர்க்கரைக் கரைசல் வைப்பது இப்போது எங்கள் வார்டில் யாரும் ஞாபகப்படுத்தாமலே நடக்கிறது.

இனி அந்த அம்மாவுக்கு.

அம்மா, நீங்கள் மகனை இழந்து மூன்று வருடம் கழித்து, எங்களுக்குப் பாடம் சொல்ல வந்தீர்கள். கெட்ட செய்தி சொல்வது எப்படி என்ற நடிப்புப் பயிற்சியில் நீங்கள் தாயாகவே உட்கார்ந்தீர்கள், நான் நர்ஸாகவே வந்தேன். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு, கற்றுக்கொண்ட வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "உட்காருங்க சிஸ்டர்" என்றீர்கள். அவ்வளவுதான். எனக்குச் சொல்லவேண்டியதெல்லாம் மறந்துபோனது. அப்புறம் சொன்னீர்கள்: "என் பையனோட கடைசி ராத்திரி எத்தனையோ பேர் ரூமுக்கு வந்தாங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா உட்கார்ந்தது ஒருத்தர்தான், தரை துடைக்க வந்த அம்மா."

அந்த நாளை மறுபடி வாழ்ந்துகாட்ட உங்களுக்கு என்ன விலை ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். மதிய இடைவேளையில் நீங்கள் ஜன்னல் பக்கம் தனியாக நின்றதைப் பார்த்தேன். பக்கத்தில் வந்து நிற்கத் தோன்றியது, வரவில்லை. இப்போது வருவேன்.

நீங்கள் தந்த தைரியம் எங்கே உதவியது தெரியுமா? நான்கு மாதம் முன்பு, 11 வயதுப் பெண் ஒருத்தி, ஐ.வி. மாற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அக்கா, நான் செத்துப்போயிடுவேனா?" முன்பென்றால் "சீச்சீ, அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டு டிரேயை எடுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பேன். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஏன்மா இன்னைக்கு அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பதுதான் கஷ்டம், நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். அவள் சொன்னாள்: "ராத்திரி நடந்துட்டா? அம்மா வெளிய வராந்தாவுலல்ல தூங்குது." அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கட்டில். அன்று இரவே அம்மாவின் படுக்கை அவள் பக்கத்தில் வந்தது. மறுநாள் டாக்டரும் அம்மாவும் நானும் அவளோடு சேர்ந்து பேசினோம், அவள் கேட்ட அளவுக்கு மட்டும். கடைசி நாட்களில் அம்மாவின் கை அவளுக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது.

மரணத்தைப் பற்றிக் குழந்தையிடம் பேசலாமா என்று வகுப்பில் பெரிய விவாதம் நடந்தபோது, டாக்டர், நீங்கள் ஸ்வீடன் ஆய்வைக் காட்டினீர்கள். 2004-இல் வெளிவந்தது. புற்றுநோயில் பிள்ளையை இழந்த 429 பெற்றோரில் 147 பேர் பிள்ளையோடு அதைப் பற்றிப் பேசியிருந்தார்கள். ஒருவர்கூட வருந்தவில்லை. பேசாதவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வருந்தினார்கள். எங்கள் வார்டில் ஒரு தந்தை இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் வற்புறுத்தவில்லை. அந்த முடிவு அவருடையது.

நான் இல்லாத நாட்களில் என் ஷிப்டை எடுத்துக்கொண்ட தோழிகளுக்கு நன்றி. நீங்கள் தூங்காததால்தான் நான் படித்தேன். எங்கள் நிர்வாகத்துக்கும் நன்றி. முதலில் லீவு போட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். நோய்த்தணிப்புப் பராமரிப்பு எல்லா மருத்துவப் பணியாளர்களின் கல்வியிலும் இடம்பெற வேண்டும் என்று 2014-இல் உலகச் சுகாதார மாநாடு தீர்மானம் போட்டதை எங்கள் சீனியர் சிஸ்டர் அச்சடித்துக்கொண்டு போய்க் காட்டினார். அதன் பிறகு அது டியூட்டி நாளாகவே கணக்கானது. அந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு மூன்று அறை ஏறி இறங்கிய சிஸ்டர், உங்கள் கால்வலி எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒரு குழந்தை இறந்துபோன மறுநாள் வார்டில் 15 நிமிடம் சேர்ந்து உட்காருங்கள் என்று பயிற்சியில் நீங்கள் எல்லோரும் சொல்லி அனுப்பினீர்கள். ஆரம்பத்தில் யாருக்கும் நேரமில்லை. இப்போது நடக்கிறது. யாரும் அறிக்கை வாசிப்பதில்லை, அந்தப் பிள்ளையைப் பற்றி ஞாபகம் வருவதைச் சொல்கிறோம். அழுகிறவர்கள் அழுகிறார்கள். தரை துடைக்கும் அக்காவையும் முதல் நாளிலிருந்தே கூப்பிடுகிறோம். நாங்கள் யாரும் அறியாத விஷயம் அவரிடம் எப்போதும் ஒன்று இருக்கிறது: எந்தப் பிள்ளை இரவில் எதற்குப் பயப்பட்டது, யார் தலையணைக்கு அடியில் என்ன வைத்திருந்தது என்று.

அடுத்த மாதம் தொடங்கும் பயிற்சிக்கு எங்கள் வார்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தி மிகவும் கூச்ச சுபாவம், முதல் நாள் பேசமாட்டாள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இருவரின் இரவு டியூட்டியையும் நான் வாங்கிக்கொண்டேன். அம்மா, நீங்களும் வருவீர்கள் என்று கேள்விப்பட்டேன். மதிய இடைவேளைக்கு நான் அங்கே வந்துவிடுகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
குழந்தைகள் வார்டுச் செவிலியர் ஒருத்தி