அந்தக் கரை வெறிச்சோடிக் கிடக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில், 1860களில் எடுத்த, சிங்கப்பூர் ஆற்றோரப் போட் கீ படத்தின் கீழே ‘ஆள் நடமாட்டமில்லாத அமைதியான ஆற்றங்கரை, மேலே மூடுபனி’ என்று அச்சிட்டிருந்தீர்கள். படித்ததும் மனசு வலித்தது.

சிங்கப்பூர் வணிகமே ஏறி இறங்கிய கரை அது. தென்னிந்தியச் சூலியாப் படகோட்டிகளும் சீனச் சுமையாட்களும் நெருக்கியடித்த இடம். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்த அந்த ஈரத் தகட்டுக் காலத்தில் ஒரு படத்துக்குச் சில விநாடிகளாவது லென்ஸ் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவன் தகட்டில் தங்கமாட்டான். அலைகள் ஒன்றோடொன்று கலந்து தண்ணீர் பாய் விரித்தாற்போல் ஆகிவிடும். அந்தத் தகடு நீலத்தை அதிகம் வாங்குவதால் வானமும் மேகமும் ஒரே வெள்ளையாகிவிடும். அதையா மூடுபனி என்பது? புகைப்படக்கலை முன்னோடி டாகர் 1838இல் எடுத்த பாரிஸ் வீதிப் படம் தாங்கள் அறியாததல்ல. பரபரப்பான சாலை, காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்றவர்தான் தெளிவாகத் தெரிகிறார்.

என் அப்பா ஒரு ஸ்டூடியோ டார்க்ரூமில் வேலை பார்த்தவர். எனக்குப் பத்து வயது இருக்கும். ஒரு மாலையில் தேக்கா பக்கம் ஸ்டாண்டை நிறுத்தி, லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி, அதைச் சற்று நேரம் திறந்து வைத்து, என்னைக் குறுக்கே நடக்கச் சொன்னார். கழுவிப் பார்த்தால் கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடிப் பாதைத் தூணும், அதில் சாய்ந்திருந்த பூக்காரரும் மட்டும்தான் இருந்தார்கள். நான் இல்லை. அன்று அழுதேன்.

அப்புறம், இது முதல் முறையுமல்ல. போன வருடம் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியைச் சிராங்கூன் சாலை என்று போட்டீர்கள். இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. வேறொரு படத்தில் துரையின் பெயர் இருந்தது, பக்கத்தில் நின்ற நம்மவர் வெறும் ‘கூலி’. பழைய படங்களுக்குக் கணினியில் வண்ணம் பூசுகிறீர்கள். அந்தச் சட்டை என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? கறுப்பு வெள்ளை என்று நாம் சொன்னாலும், அந்நாளைய முட்டைவெண்கரு பூசிய தாளில் படம் பழுப்பாகத்தான் வரும். அதை அப்படியே விடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பைத் திருத்தி ஒரு வரி போடுங்கள். அப்பா எடுத்த அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் அலுவலகத்துக்கே கொண்டுவந்து காட்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
தேக்கா