ஜமாவுக்கும் கையெழுத்து உரிமை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கலைக்குழுக்களின் ஒற்றுமை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை எங்கள் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், சத்தமாகப் படித்தோம். செய்யாறு பக்கம் தெருக்கூத்து ஆடுகிறவர்கள் நாங்கள். பாராட்டெல்லாம் சரிதான். ஆனால் ஆபத்து நேரத்தில் இந்த உறவுக்கு என்ன மதிப்பு என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

பங்குனி முதல் ஆடி வரை ஆடுவதுதான் எங்கள் வருஷச் சோறு. 2020 ஊரடங்கில் அது அப்படியே போனது. கூத்து வாத்தியார் வீட்டில் எல்லோருக்கும் ஒரே உலை. மிருதங்கக்காரர் சித்தாள் வேலைக்குப் போய் அரிசி வாங்கிப் போட்டார். அதைச் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாதது ஆஸ்பத்திரிதான்.

திரௌபதி வேஷம் கட்டும் அண்ணனுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஆட்டம் முடிந்த ராத்திரியில் வயிற்று வலி வந்து சுருண்டு விழுந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொல்லி அவர் முகத்து அரிதாரத்தைத் துடைத்தார். ஆபரேஷன் என்றதும், "நீங்க என்ன வேணும் அவருக்கு?" என்றார்கள். ஒரே ஜமா என்றோம். ரத்த சொந்தம்தான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பல வருஷம் பேசாதிருந்த தம்பி விடிந்து வந்து போட்டுவிட்டுக் கிளம்பினார். கூத்துக் களரியில் அவர் சேலையை இழுக்கும் துச்சாதனன்தான் பக்கத்திலேயே இருந்து மலஜலம் எடுத்தார்.

இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது குறித்த வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதையும் ஏற்றது. தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் போன்ற பால்புதுமையினருக்காகச் சொன்னதுதான், ஆனாலும் அந்த நியாயம் எங்களுக்கும் பொருந்தும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, எனக்காகப் பேச இன்னார் என்று வயதுவந்த யாரையும் வெள்ளைத் தாளில் எழுதி நியமிக்கலாம். உறவினராக இருக்க வேண்டியதில்லை. மனசுக்கு உள்ள வசதி வயிற்றுக்கு ஏன் கூடாது?

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியும்போதே, நான் நம்பும் நபர் என்று ஒருவர் பெயரை எழுதி வாங்கி அட்டையில் அச்சிடலாம். அதை ஏற்கும்படி அரசு எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அடுத்த பங்குனிக்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஆர்மோனியக்காரர் ஒருவர்,
செய்யாறு