காசநோய் மருந்து நேராக நுரையீரலுக்கே போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். காசநோய் ஒழிப்பு பற்றிய தங்கள் தலையங்கம் புதிய மாத்திரைகளை விரிவாகப் பேசியது. மூச்சுவழி மருந்துகளைத் தொடவே இல்லை. நோய் பெரும்பாலும் நுரையீரலில் இருக்க, மருந்தை வயிற்றிலும் தசையிலும் செலுத்தி உடல் முழுக்கச் சுற்றவிடுகிறோம். என் அண்ணனுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தபோது, மாதக்கணக்கில் கனமைசின் ஊசி போட்டார்கள். நோய் குணமானது, ஆனால் ஊசியால் போன செவித்திறன் திரும்பவில்லை. இந்த ஊசியைத் தவிர்க்கும்படி உலக சுகாதார நிறுவனமே பிறகு சொல்லிவிட்டது.

அதே குடும்பத்து மருந்தான அமிகாசினை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் அடைத்து, திரவ மருந்தை நுண்துளிகளாக்கும் நெபுலைசர் கருவி வழியே உள்ளிழுக்க 2018இல் அமெரிக்கா அனுமதித்தது. அது காசநோய்க்கு அல்ல, காசநோய்க் கிருமிக்கு உறவான இன்னொரு கிருமிக்கு. இருமல், குரல் கம்மல் அதிலும் உண்டு. குளிர்பதனப் பெட்டியும் வேண்டும். அதனால் நம் கிராமங்களுக்கு, உள்ளிழுக்கும் உலர்தூள் மருந்தே பொருந்தும். துகள் 1 முதல் 5 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். பெரிதானால் தொண்டையிலேயே தங்கிவிடும். காசநோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1950களில் உலகுக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அந்த மரபில் வந்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, விலை குறைந்த உலர்தூள் மருந்தை உருவாக்கிச் சோதிக்க மத்திய அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும்.