கீட்டோ லிஸ்ட்ல நம்ம சந்தையக் காணோமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கீட்டோ டயட், அதாவது மாவுச்சத்த ரொம்ப குறைச்சு கொழுப்ப கூட்டிச் சாப்பிடறது, அத புதுசா ஆரம்பிக்கிறவங்க என்னென்ன வாங்கணும்னு ஒரு பக்கத்துக்கு லிஸ்ட் போட்டிருந்தீங்க. அவகாடோ, சால்மன், ஆலிவ் ஆயில், சுக்கினி, பாதாம் மாவு, சியா விதைன்னு வரிசையா படிக்கப் படிக்க எனக்கு சிரிப்பும் வந்துச்சு கடுப்பும் வந்துச்சு, ஏன்னா ஒன்றரை வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு லிஸ்ட்ட கிழிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்டுதான் நானும் கடைக்குப் போனேன்.

எங்க வீட்டுக்காரருக்கு அப்ப மூணு மாச சுகர் ஆவரேஜ் 9.2, வெயிட் 88 கிலோ. எங்க டாக்டர் மாவுச்சத்த நல்லா குறைச்சுப் பாக்கலாம்னு சொன்னாரு. ஆனா அதுக்கு முன்னாடி மாத்திரை சீட்ட வாங்கி ஒண்ணொண்ணா பாத்து ஒரு மாத்திரைய நிறுத்திட்டு இன்னொண்ண பாதியாக்குனாரு. இத முதல்லயே சொல்லிடறேன், உங்க கட்டுரைல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. இன்சுலின் போடறவங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க திடீர்னு சோத்த நிறுத்துனா சுகர் தாழ்ந்து மயங்கி விழுந்துருவாங்க. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு ஃப்ளோசின்ல முடியற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அது இன்னும் டேஞ்சர், சுகர் ரொம்ப ஏறாமலேயே ரத்தத்துல ஆசிட் ஏறி ஆஸ்பத்திரில சேக்கற மாதிரி ஆயிடும்னு டாக்டர் சொன்னாரு. கிட்னி பிரச்சனை உள்ளவங்க, மாசமா இருக்கறவங்க எல்லாம் பேப்பரப் பாத்து ஆரம்பிக்கவே கூடாது. கடைக்குப் போற பைய எடுக்கறதுக்கு முன்னாடி மாத்திரை சீட்ட எடுங்க.

சரி, கடை கதைக்கு வர்றேன். பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர், ஏசி, தள்ளுவண்டி. 11 பொருளுக்கு பில்லு 3,840 ரூபா. வீட்டுக்கு வந்து அத்தை பில்லப் பாத்துட்டு, ஏம்மா இது ஒரு மாசத்துக்கான்னு கேட்டாங்க, நாலு நாளைக்குத்தான் வரும்னு சொல்ல எனக்கு வாய் வரல. அதுல அவகாடோ மட்டும் 2. அது என்ன அவகாடோ, நம்ம பட்டர் ஃப்ரூட்தானே, கொடைக்கானல் கீழ்மலைல தாண்டிக்குடி பக்கம் விளையறது, சீசன்ல மதுரைல தள்ளுவண்டிலயே விப்பாங்க, நாம அதுல சீனியும் பாலும் ஊத்தி அடிச்சுக் குடிப்போம். அதே காய பளபளன்னு ஸ்டிக்கர் ஒட்டி அவகாடோன்னு எழுதிட்டா வெலை எங்கயோ போயிடுது.

அந்த பில்லுல பாதி காசு முன்பக்கத்துல கீட்டோ, டயட், சுகர் ஃப்ரீன்னு எழுதியிருந்த பாக்கெட்டுக்குத்தான். சுகர் ஃப்ரீ பிஸ்கட்ட அவரு டீயோட 4 சாப்பிட்டாரு, சீனிதான் இல்லையேன்னு தைரியம். ரெண்டு மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டர்ல பாத்தா 212. அப்பதான் பாக்கெட்ட திருப்பி கண்ணாடியப் போட்டுக்கிட்டு படிச்சேன். முதல் பொருளே கோதுமை மாவு! சேந்திருக்கற பொருள்ல எது எடை அதிகமோ அதத்தான் முதல்ல போடணும்னு சட்டமே இருக்கு, அதனால முதல் மூணு பேரப் பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுரும். அந்த பிஸ்கட்டுல 100 கிராமுக்கு கார்போஹைட்ரேட் 66 கிராம்னு அவங்களே போட்டிருக்காங்க, ஒளிச்செல்லாம் வைக்கல, நாமதான் திருப்பிப் பாக்கறதில்ல.

அன்னைலேருந்து எனக்கு ஒரே ரூல்தான். முன்பக்கம் கடைக்காரனுக்கு, பின்பக்கம் நமக்கு. கீட்டோல ஒரு நாள் முழுக்க மாவுச்சத்து 20லேருந்து 50 கிராமுக்குள்ள இருக்கணும்கறாங்க, 2 இட்லி சாப்பிட்டாலே 20க்கு மேல போயிடும், அப்ப 100 கிராமுக்கு 60, 70ன்னு போட்ட எதுவும் அது எம்புட்டு நல்ல பொருளா இருந்தாலும் இந்தக் கணக்குக்குள்ள வராது. பின்பக்கத்துல சுகர்ங்கற வரிய மட்டும் பாத்துட்டு சந்தோசப்படக் கூடாது, அதுக்கு மேல இருக்கற கார்போஹைட்ரேட் வரியப் பாக்கணும். சில பேர் ஒரு சர்விங் 15 கிராம்னு சின்னதா போட்டு கணக்க கம்மியா காட்டுவாங்க, பிஸ்கட்டே ஒண்ணு 10 கிராம் இருக்கும், அதனால 100 கிராமுக்கு எம்புட்டுன்னு பாருங்க. மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஒண்ணு வரும், அது சீனி லிஸ்ட்ல வராம நைசா சுகர ஏத்திவிடற மாவு, தேங்காப்பால் பவுடர்ல கூட இருக்கு. சீனிக்கு பதிலா மால்டிடால்ங்கற இனிப்பு போட்ட சாக்லேட்டும் அப்படித்தான், சீனி அளவுக்கு ஏறாதுன்னாலும் ஏறத்தான் செய்யும், நிறைய தின்னா வயித்தையும் கலக்கிரும் (அனுபவம்தான், வேறென்ன).

சிறுதானியத்துலயும் ஏமாந்தேன். எல்லாரும் சொல்றாங்களேன்னு குதிரைவாலி, தினை ரெண்டும் ரெண்டு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்துட்டேன். அரிசிக்கு பதிலா நல்லதுதான், நார்ச்சத்து இருக்கு, எல்லாம் சரி, ஆனா 100 கிராமுக்கு 60க்கு மேல மாவுச்சத்து, அதனால கீட்டோவுக்கு ஆகாது. அத நாங்களும் பிள்ளைகளும் பொங்கலாக்கி தின்னு தீத்தோம். கருப்பட்டி, நாட்டுச்சக்கரை, தேன் இதுவும் அதே கதைதான், சாமி கும்புட்டு வாங்குனாலும் உடம்புக்குள்ள போனா சீனிதான்.

இதுக்கெல்லாம் அப்புறம் ஒரு நாள் காலைல அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போனேன். 1999ல தமிழ்நாட்டுலயே முதல்ல ஆரம்பிச்ச உழவர் சந்தை எங்க ஊரு இதுதான்னு எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. சுத்தி முத்தி பாத்தா முக்கால்வாசி காய் கீட்டோ காய்தான்! பீர்க்கங்காய், புடலங்காய், சுரைக்காய், வெள்ளப்பூசணி, பாகற்காய், கத்திரிக்காய், வெண்டைக்காய், கோவக்காய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வாழைத்தண்டு, அப்புறம் கீரைன்னா எல்லாக் கீரையும். உங்க லிஸ்ட்ல இருக்கற சுக்கினிங்கறது நம்ம சுரைக்காய் வகையறாதான், அதுக்குப் போய் ஏன் அவ்வளவு காசு. மண்ணுக்கு மேல விளையறது வாங்கு, கீழ விளையறத விடுன்னு ஒரு கணக்கு சொல்வாங்க, முக்கால்வாசி சரியா வரும், உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, பீட்ரூட் எல்லாம் அடிபட்டுப் போயிடும். ஆனா முள்ளங்கி கீழ விளைஞ்சாலும் சாப்பிடலாம், வாழைக்காய் மேல விளைஞ்சாலும் ஆகாது. கேரட்டு ஒண்ணு ரெண்டு துருவிப் போட்டா ஒண்ணும் ஆயிடாது. சின்ன வெங்காயத்துல பெரிய வெங்காயத்தவிட மாவுச்சத்து கொஞ்சம் ஜாஸ்தி, அத கைப்பிடி கைப்பிடியா போட்டு வதக்கறவ நான், இப்ப எண்ணிப் போடறேன்.

யாரும் சொல்லாத இன்னொரு விஷயம் புளி. எலுமிச்சம்பழ அளவு புளி கரைச்சா அதுலயே பத்து பன்னெண்டு கிராம் போயிடும், நாலு பேருக்கு பிரிஞ்சா பரவால்ல, ஆனா நம்மாளு குழம்ப குடிக்கற ஆளு. இப்ப தக்காளி போட்டு ஒப்பேத்தறேன், மீன் குழம்புக்கு மட்டும் புளி, அதுக்கு மேல அவருகிட்ட பேச முடியாது. அதே மாதிரி தேங்கா சட்னில பொட்டுக்கடலை போடறத நிறுத்தியாச்சு, அதுல பாதிக்கு மேல மாவுச்சத்துதான். அதுக்கு பதிலா வறுத்த நிலக்கடலை கொஞ்சம். தேங்காய்க்கு பயப்படவே வேணாம், 100 கிராம் தேங்காய்ல 33 கிராம் கொழுப்பு, மாவுச்சத்து நாரு போக 6 கிராம்தான், கீட்டோவுக்குன்னே செஞ்ச மாதிரி.

எண்ணெய்க்கு செக்குக்குத்தான் போவேன். ஒரு சந்தேகம் ரொம்ப நாளா இருந்துச்சு, நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி போடுவாங்கள்ல, அப்ப அது எண்ணெய்ல இறங்கிருமேன்னு. செக்குக்கார அண்ணங்கிட்ட கேட்டேன், இனிப்பு எண்ணெய்ல கரையாதும்மா, எல்லாம் பிண்ணாக்கோட போயிரும், சுகர் வந்தா மாட்டுக்குத்தான் வரும்னுட்டு சிரிச்சாரு. யோசிச்சுப் பாத்தா சரிதான், எண்ணெய்ல சீனி எங்க கரையுது.

முட்டை 30 உள்ள அட்டையா வாங்கிருவேன், நாமக்கல்லுக்கு நன்றி. கறிக்கடைல முன்னெல்லாம் பாய்கிட்ட கொழுப்ப எடுத்துருங்கன்னு சொல்லுவேன், இப்ப ரெண்டு துண்டு கூட போடுங்கன்னு கேக்கறேன், அவரு என்னம்மா மாறிட்டீங்கன்னு பாக்கறாரு. மீனுக்கு சால்மன் தேடி எங்க போறது, ராமேஸ்வரம் பக்கத்துலேருந்து வர்ற மத்தி, அயிலை இருக்கு, சால்மன்ல இருக்கற அதே ஒமேகா 3 மத்திலயும் இருக்கு, வெலையும் கையக் கடிக்காது. என்ன, அத்தைக்கு மத்தி வாடை ஆகாது, அன்னைக்கு மாடில வச்சுதான் பொரிக்கணும்.

சைவக்காரங்களுக்கு பன்னீர்தான் பெரிய துணை, ஆனா சில்லறைல எடை போட்டு விக்கறது எல்லாம் பன்னீர் இல்ல. பாமாயில், ஸ்டார்ச் போட்டு செஞ்சதும் அதே வெள்ளையா அதே சதுரமாதான் இருக்கும். அனலாக்னு, அதாவது பன்னீர் மாதிரி செஞ்சதுன்னு பேக்கெட்ல போட்டிருந்தா தெரியும், லூசா வாங்குனா எப்படி தெரியும்? ஒரு துண்ட தண்ணில கொதிக்க வச்சு ஆற விட்டு மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற டிங்ச்சர் அயோடின் ரெண்டு சொட்டு விட்டா ஸ்டார்ச் இருந்தா நீலமாயிரும். நான் ஒரு தடவ பண்ணிப் பாத்தேன், பேனா மை கொட்டுன மாதிரி ஆச்சு, அந்தக் கடைப் பக்கமே அப்புறம் போகல. இப்ப ஆவின் பன்னீர், இல்லன்னா வீட்டுலயே பால திரிச்சு துணில கட்டிர்றது.

பாலுன்னதும்தான் ஞாபகம் வருது, எங்க வீட்டுல ஓட்டையே அங்கதான் இருந்துச்சு. எல்லாம் பாத்துப் பாத்து வாங்கியும் முதல் மாசம் சுகர் சரியா இறங்கல. என்னடான்னு பாத்தா மனுஷன் ஆபீஸ்ல சீனி இல்லாத டீ நாலஞ்சு குடிக்கறாரு, சீனிதான் இல்லையேன்னு. ஒரு டம்ளர் பால்லயே 10 கிராம் கிட்ட பால் சர்க்கரை இருக்கு, அது நீல பாக்கெட்டா இருந்தாலும் ஆரஞ்சு பாக்கெட்டா இருந்தாலும் கொழுப்புதான் 3லேருந்து 6 சதவீதம்னு மாறும், சர்க்கரை ஏறக்குறைய அதேதான். இப்ப காலைல ஒண்ணு பாலோட, மீதி எல்லாம் கட்டன் டீ. ஜிகர்தண்டாவப் பத்தி நான் பேசவே மாட்டேன், அது சண்டைல போய் முடியும்.

முதல் வாரம் தலைவலி, சோர்வுன்னு படுத்துக்கிட்டாரு, உடம்புலேருந்து தண்ணியும் உப்பும் நிறைய வெளிய போறதால வர்றதாம். அதுக்கு ஆன்லைன்ல எலெக்ட்ரோலைட் பவுடர் ஆயிரம் ரூபாய்க்கு விக்கறான். டாக்டர் உப்பு போட்டு மோரு குடிங்கன்னாரு, அவருக்கு பிபி இல்ல அதனால. பிபி மாத்திரை போடறவங்க அதையும் கேட்டுட்டு பண்ணுங்க.

இந்த டயட்டு எல்லாருக்கும் சரின்னு நான் சொல்ல வரல. 1921ல அமெரிக்கால மேயோ கிளினிக்ல இருந்த ரஸ்ஸல் வைல்டர்ங்கற டாக்டர் வலிப்பு நோய்க்காக சொன்ன சாப்பாடாம் இது, வெயிட் குறைக்கறதுக்குன்னு வந்ததே இல்ல, எங்க டாக்டர்தான் சொன்னாரு. எங்க வீட்டுல ஒன்றரை வருஷத்துல 9.2 இருந்தது 6.7 ஆகிருக்கு, வெயிட் 78. இப்ப கொஞ்சம் தளத்தி ஞாயித்துக்கிழமை மட்டும் 2 தோசை. அவருக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒரு சமையல், அத்தைக்கு ரசம் சோறுன்னு மூணு அடுப்பு ஓடற கஷ்டத்த எந்த லிஸ்ட்டும் எழுதறதில்ல, அத இன்னொரு லெட்டர்ல வச்சுக்கறேன்.

உங்ககிட்ட கேக்கறது ஒண்ணுதான். அடுத்த தடவ இந்த லிஸ்ட்ட போடும்போது வெளிநாட்டு சைட்டுலேருந்து எடுத்துப் போடாம, நம்ம ஊரு காய், கீரை, மீன், பருப்பு எல்லாத்துக்கும் 100 கிராமுக்கு மாவுச்சத்து எம்புட்டுன்னு ஒரு கட்டம் போட்டுப் போடுங்க. ஐதராபாத்துல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017லயே இந்திய உணவுகளுக்கு எல்லாம் அளந்து புத்தகமாவே போட்டிருக்காங்க, அத எடுத்து தமிழ்ல போட்டா போதும். எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும், வெட்டி எடுத்து ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அண்ணாநகர், மதுரை.