ஞாயிறு வாசிப்பு: டார்வினின் கடிதங்கள்

நண்பர்களே, வணக்கம். இந்த ஞாயிறு மாலை 6 மணிக்கு டார்வினின் கடிதங்களை வாசிக்கிறோம். அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக சுமார் 15,000 கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். மலைத்துவிடாதீர்கள், இரண்டு போதும்.

முதலாவது, 1844 ஜனவரி 11 அன்று தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதியது. உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று சொல்லும் வாக்கியத்தை முடிப்பதற்குள், நடுவில் அடைப்புக்குறி போட்டு, 'கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது' என்கிறார். அந்தத் தயக்கத்தைக் கவனியுங்கள்.

அடுத்தது 1858 ஜூன் 29, அதுவும் ஹூக்கருக்குத்தான். அந்த மாதம்தான் இயற்கையியலாளர் வாலஸ், இன்றைய இந்தோனேசியாவில் உள்ள தெர்னாத்தே தீவிலிருந்து அனுப்பிய கட்டுரை வந்து சேர்ந்தது. உயிரினங்கள் இயற்கைத் தேர்வால் மாறுகின்றன என்று இருபது வருடமாக டார்வின் பொத்தி வைத்திருந்த அதே கருத்து! இதற்கிடையில் 28ஆம் தேதி, ஒன்றரை வயதுக் குழந்தை சார்லஸ் செங்காய்ச்சலில் இறந்துவிட்டான். மறுநாள் இரவு, ஒடிந்துபோயிருக்கிறேன் என்று எழுதி, ஹூக்கர் கேட்ட காகிதங்களை, அதாவது வாலஸின் கட்டுரையையும் தன் எழுத்துகளையும், அனுப்பிவைக்கிறார். ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் அமைப்பில் இருவர் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. குழந்தையை அடக்கம் செய்த நாள் அது.

எனக்கு இந்த இரண்டாவது கடிதத்தைத் தாண்டவே முடியவில்லை. அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். யாராவது ஒருவர் உரக்க வாசிக்க முன்வந்தால் நல்லது, சனிக்கிழமைக்குள் இங்கே சொல்லுங்கள்.