காங்கயம் போகும் பிள்ளைகளுக்கு எம்.என்.ஸ்ரீனிவாஸைப் பற்றி

கோபிசெட்டிபாளையம்

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம். இங்கே கொடிவேரி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், தடப்பள்ளிப் பக்கம் நாற்று விட்டாயிற்று. தென்னையில் வெள்ளை ஈதான் இன்னும் விட்டபாடில்லை. உங்கள் பக்கம் எப்படி?

பிள்ளைகளைக் காங்கயம் பக்கம் ஒரு கிராமத்துக்குக் களப்பணிக்கு அனுப்பும் முன் சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சமஸ்கிருதமயமாக்கம் (மேல்சாதி வழக்கங்களைப் பின்பற்றிக் கீழே உள்ள சாதி மேலேறப் பார்ப்பது), ஆதிக்கச் சாதி, ஓட்டு வங்கி என்ற அவருடைய மூன்று கருத்துகளையும் கரும்பலகையில் எழுதிவிட்டு இறங்கிவிடாதீர்கள் மாப்பிள்ளை. பரீட்சைக்கு அது போதும். ஊருக்குள் கால் வைக்கப்போகிறவர்களுக்கு அவர் வேலை செய்த விதம் வேண்டும்.

வாழ்க்கைக் கதையைச் சுருக்கமாகவே சொல்லுங்கள். 1916-ல் மைசூரில் பிறந்தார். பம்பாயில் கூர்யேயிடம் படித்தார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப்-பிரவுன், அவருக்குப்பின் எவன்ஸ்-பிரிட்சார்ட். 1948-ல் மைசூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் களப்பணிக்குத் தங்கினார், அதைத்தான் ராம்புரா என்று எழுதினார். பிறகு பரோடா, 1959-லிருந்து டெல்லி, 1972-லிருந்து பெங்களூர். 1999 நவம்பர் 30 அன்று பெங்களூரில் காலமானார். நின்று சொல்ல வேண்டிய இடம் ஆசிரியர் வழி. கூர்யே, ராட்கிளிஃப்-பிரவுன் இருவருமே கேம்பிரிட்ஜில் டபிள்யூ.எச்.ஆர்.ரிவர்ஸ் என்ற மானிடவியலாளரிடம் படித்தவர்கள். அந்த ரிவர்ஸ் 1901-02-ல் நம் மேட்டுப்பாளையத்துக்கு மேலே நீலகிரியில் தோடர் பழங்குடியினரோடு வேலை செய்தவர். ஆக, பிள்ளைகள் கையில் எடுத்துப்போகும் கொடிவழி முறை, அதாவது ஒரு வீட்டுக் குடும்ப மரத்தைக் கேட்டு வரையும் முறை, நமக்கு அந்நியச் சரக்கு அல்ல. 1898-ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணைத் தீவுகளில் கண்பார்வைச் சோதனை செய்தபோது, யார் யாருக்கு ரத்த உறவு என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் அதைத் தொடங்கினார். நீலகிரியில் அதையே ஒரு சமூகம் முழுவதற்கும் விரித்தார். இறந்தவர் பெயரை உறவினர் வாயால் சொல்லக்கூடாது என்பது தோடர் வழக்கம். அதனால் ஒரு வீட்டுக் கொடிவழியை வேறு வீட்டாரிடம் கேட்டு வாங்கினார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப் பார்க்கும் பழக்கத்தையும் பிள்ளைகள் அவரிடமிருந்தே எடுத்துக்கொள்ளட்டும்.

முறை எளிதுதான், பிசகுவதும் எளிது. அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்து உறவுகளை மட்டும் வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். "அண்ணன்" என்று கேட்டால் நம் ஊரில் பெரியப்பன் மகனும் வருவான், பெரியம்மா மகனும் வருவான், ஒரே கூட்டத்துப் (குலத்துப்) பங்காளியும் வருவான், தாள் நாறிவிடும். "பெத்த அய்யன் பேரென்னங்க? அவருக்குப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?" என்று மூத்தவரிலிருந்து வரிசையாக இறங்கட்டும். மரம் முழுதாக வந்தபிறகு ஒவ்வொருவரையும் காட்டி, "இவரை நீங்க என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டு அப்பாரு, அப்புச்சி, அம்மிச்சி, நங்கை என்ற முறைப்பெயர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம். வரிசை மாறினால் வேலை கெட்டது.

விட்டுப்போவது எப்போதும் ஒரே ஆட்கள்தான்: கட்டிக்கொடுத்த பெண்கள், குழந்தையில்லாமல் போனவர்கள், சிறுவயதில் இறந்த பிள்ளைகள், முதல் தாரம். ஆண்கள் காணி பிரிந்த கணக்கை வைத்துச் சொல்வதால் பங்கு வாங்காதவர்கள் உதிர்ந்துவிடுகிறார்கள். அதனால் அதே வீட்டு ஆத்தாவிடம் தனியாக மறுபடி கேட்க வேண்டும். எந்தப் பெண் எந்த ஊருக்குப் போனாள், சீர் யார் செய்தார்கள் என்பது அவர்களிடம்தான் துல்லியமாக இருக்கும். மருமகளுக்குப் பிறந்த கூட்டத்தைத் தனிக் கட்டத்தில் குறிக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் புருஷன் கூட்டத்தையே சொல்லிவிடுவார்கள். பாட்டன் பெயர் பேரனுக்கு வருவதால் ஒரே தாளில் நான்கு பழனிச்சாமி நிற்பார்கள். ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால் குழப்பமில்லை. ஏ3 தாள், பென்சில், ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு, இவ்வளவு போதும். வயது கேட்டால் உத்தேசம்தான் வரும். பவானிசாகர் அணை கட்டி முடித்தது 1955, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். அதற்கு முன்னால் பிறந்தவரா, பின்னால் கல்யாணமானவரா என்று கேட்டால் ஓரிரு வருஷத்துக்குள் பிடித்துவிடலாம்.

கொடிவழிக்கும் முந்தியது வீட்டுக் கணக்கு. ஸ்ரீனிவாஸும் வீடு வீடாகக் கணக்கு எடுத்தவர்தான். நம் பக்கம் தெருவை மட்டும் சுற்றினால் பாதி ஊர் தப்பிவிடும். தோட்டத்துச் சாளைகளில் (தோட்டத்திலேயே இருக்கும் வீடுகளில்) இருப்பவர்களைத் தேடிப் போக வேண்டும். ரேஷன் கார்டை நம்பக்கூடாது. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு கார்டு இருக்கும், தனி அடுப்பு வைத்தவர்கள் ஒரே கார்டில் இருப்பார்கள். அடுப்புதான் கணக்கு. திருப்பூர் கம்பெனி வேன் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இரவுதான் இறக்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டால் அந்த ஊரில் கிழவர்கள் மட்டும் வாழ்வதாகக் கணக்கு வரும். லைன் வீடுகளில் இருக்கும் வடக்கத்தி ஆட்களையும் சேர்க்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து போனால் நாளைக்கு எட்டுப் பத்து வீடு முடியும், அதற்குமேல் ஓட்டினால் தரம் போய்விடும். தறி ஓடும் வளவில் உட்கார்ந்து ரெக்கார்டு செய்யவே வேண்டாம், சத்தம்தான் மிஞ்சும்.

எங்கே தங்குவது என்று கேட்டிருந்தீர்கள். இதில்தான் ஸ்ரீனிவாஸின் மேல் எனக்கு மரியாதை அதிகம். ராம்புராவின் ஊர்த்தலைவருக்குச் சொந்தமான, எருது கட்டும் வீட்டில்தான் அவர் தங்கினார். தலைவர் நிலமுள்ள ஒக்கலிகர் சாதி, ஸ்ரீனிவாஸ் பிராமணர். தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டவர்களின் பகுதியிலும் பெண்களிடமும் தாராளமாகப் புழங்க முடியவில்லை என்பதையும், தான் பார்த்தது பெரும்பாலும் மேலே இருந்தவர்கள் கண்ணில் பட்ட ஊர் என்பதையும் மறைக்காமல் எழுதினார். ஆதிக்கச் சாதி என்பதற்கு எண்ணிக்கை, நிலம், அரசியல் பலம், சடங்கில் மிகத் தாழாத இடம் என்று அவர் அளவு சொல்ல முடிந்ததற்கும் அந்த வீட்டுத் திண்ணைதான் காரணம். பஞ்சாயத்து கூடுவது, ஆள் அனுப்பிக் கூப்பிடுவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் அங்கே கண்முன் நடந்தன. கிடைத்ததும் கிடைக்காமல் போனதும் ஒரே இடத்தால்.

ஆகவே பிள்ளைகளைக் கவுண்டர் வீட்டு வெளித்திண்ணையில் தங்க வைக்காதீர்கள். நல்ல மனிதர்கள், சாப்பாடு போட்டுக் கவனித்துக்கொள்வார்கள், சந்தேகமில்லை. ஆனால் மறுநாள் அருந்ததியர் குடியிருப்புக்குப் போனால் இவர்கள் "அந்த வீட்டு ஆள்" ஆகியிருப்பார்கள். பஸ் ஸ்டாப் பக்கம் வாடகைக்கு ஓர் அறை எடுங்கள். முதல் வாரத்திலேயே எல்லாத் தெருவுக்கும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். பெண் மாணவிகள் இரண்டு பேராவது கட்டாயம் இருக்கட்டும். டீக்கடையில் யாருக்கு எந்த டம்ளர், கோயிலில் யார் எதுவரை வருகிறார் என்பதைக் கேள்வியாகக் கேட்டால் "அதெல்லாம் இப்ப இல்லீங்க" என்றுதான் பதில் வரும். பத்து நாள் அங்கே உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டியது அது.

இனி குறிப்பேடு. பகலில் சின்ன நோட்டில் சொற்கள் மட்டும், ராத்திரி தூங்குவதற்குமுன் முழுதாக எழுதிவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் யார் சொன்னது என்பது மறந்து, கருத்து மட்டும் நிற்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பார்த்தது ஒரு நோட்டு, தன் மனசில் பட்டது வேறு நோட்டு. பால்பாயிண்ட் பேனாவே நல்லது, ஜெல் மை மழையில் கரையும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், அதற்கும் அட்டவணையில் இடம் விடுங்கள்.

தீயைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். 1970 ஏப்ரல் 24 அன்று, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்ரீனிவாஸ் அப்போது வேலை செய்துகொண்டிருந்த ஆய்வு மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். பதினெட்டு வருஷமாகச் சீர்செய்து வைத்திருந்த ராம்புராக் குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அங்கே அவருடைய ஒரே அறையில் இருந்தன. மூன்றும் எரிந்தன. கையால் எழுதிய மூலக் குறிப்புகள் டெல்லியில் இருந்ததால் தப்பின. சோல் டாக்ஸ் என்ற மானிடவியலாளர் நினைவிலிருந்தே எழுதச் சொன்னார். அப்படி எழுதியது 1976-ல் புத்தகமாக வந்தது. அவர் எழுதியதில் அதிகம் படிக்கப்படுவது அதுதான், அதில் மனிதர்கள் முகத்தோடு வருகிறார்கள். ஆனால் அதைச் சொல்லி, குறிப்பு இல்லாமலும் எழுதலாம் போலிருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வருஷக்கணக்கில் எழுதி எழுதிப் பழகிய கைக்குத்தான் அந்த நினைவு நின்றது. பிரதி எத்தனை என்பதைவிட எத்தனை ஊரில் இருக்கிறது என்று பாருங்கள். நோட்டு அவர்களிடம், வாராவாரம் எடுக்கும் போட்டோ கல்லூரிக் கணினியில், மூன்றாவது என் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும்.

ஊர்ப் பெயரை மாற்றி எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஸ்ரீனிவாஸின் ராம்புரா புனைபெயர். அவர் மாணவர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்ப் பக்கம் எழுதிய ஸ்ரீபுரமும் அப்படியே. நம் பக்கம் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பயனில்லை. கூட்டத்தின் பெயரும் குலதெய்வக் கோயிலும் சேர்ந்து வந்தால் எந்த ஊர் என்று அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். நிலத் தகராறு, ஓடிப்போன கல்யாணம் போன்றவற்றை எழுதும்போது அந்த இரண்டில் ஒன்றையாவது விடட்டும். ப்ரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1964-66-ல் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி வேலை செய்ததையும், 1965-ல் கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை முழுக்கப் பதிவு செய்ததையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் அந்தப் பேச்சை எடுப்பார்கள், தெரியாமல் விழித்தால் நன்றாயிருக்காது.

வீட்டுக் கணக்கு அட்டை அச்சடிக்கும் முன் மாதிரி ஒன்று எனக்கு அனுப்புங்கள். நிலத்துக்கு ஒரே கட்டம் போட்டிருந்தால் பாசனம், மேட்டாங்காடு (மானாவாரி நிலம்), குத்தகை என்று மூன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். புரட்டாசிக்குள் வந்தால் திருத்தி உடனே திருப்பி அனுப்புகிறேன். வீட்டில் தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மச்சான்