மனுவின் கடைசி வரி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. சேரம்பாடியில் மழை விட்டபாடில்லை. தேயிலைக் கொழுந்தை நனைந்துகொண்டேதான் எடுக்கிறோம்.

போன வாரம் போனில் நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது. "அப்பா தண்ணீர் கேட்டார், ரோடு கேட்டார், சரி. பாட்டு வாத்தியாருக்காக ஏனம்மா இத்தனை வருஷம் அலைந்தார்?" என்றாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் அன்று பேசவில்லை.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தாத்தா குடும்பம் இலங்கையை விட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது அப்பாவுக்குப் பதினொரு வயது. மூட்டையில் நாலு பாத்திரமும் ஒரு தப்பு மேளமும் இருந்தன. அங்கே தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்துக்கு அடித்த தப்பு. இங்கே பள்ளியில் சேர்ந்த வருடம் சுதந்திர தினத்தன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். "சாவு மேளம் உள்ளே வரக்கூடாது" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கல்யாணமான புதிதில் ஓர் இரவு என்னிடம் இதைச் சொல்லி அழுதார். அதற்குப் பிறகு அவர் அதைப் பேசிக் கேட்டதில்லை.

நம் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளுக்குத் தலைவரான பின் பட்டா, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று எதற்கு மனு எழுதினாலும் கடைசி வரி ஒன்றுதான்: "எங்கள் பள்ளிக்கு ஓர் இசை ஆசிரியரும் ஓர் ஓவிய ஆசிரியரும் வேண்டும்." அந்த வரியால் மற்றதும் கெட்டுவிடும் என்று நானே சண்டை போட்டிருக்கிறேன். அவர் அதை எடுக்கவே இல்லை.

2009-இன் கல்வி உரிமைச் சட்டத்தை வாங்கி, பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறார். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர் உண்டு. ஆனால் பள்ளியில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்க வேண்டும். 2012-இல் தமிழ்நாட்டில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று 16,000 பேருக்கு மேல் மாதம் 5,000 ரூபாயில் வேலைக்கு எடுத்தார்கள். நம் பள்ளியில் நூறு ஏது? லைனில் பாதிப் பேர் மில் வேலைக்குத் திருப்பூர், கோவை என்று இறங்கிவிட்டார்கள். நீயும்தான் போனாய். மூன்று பள்ளிகளுக்கு ஒருவரைக் கொடுங்கள், பள்ளிக்கு இரண்டு நாள் வரட்டும் என்று அப்பா எழுதினார். எந்த பஸ்ஸில் வந்து எதில் திரும்பலாம் என்று நேரமும் குறித்துக் கொடுத்தார்.

2022-இல் அரசுப் பள்ளிகளுக்குக் கலைத் திருவிழா வந்தபோது சந்தோஷப்பட்டார். ஆனாலும், போட்டிக்கு முந்தின வாரம் மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதுமா என்று கேட்டார். சரியான கேள்வி என்றே எனக்கும் படுகிறது.

நீ வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. சனிக்கிழமை பள்ளித் திண்ணையில் அப்பா தாளம் சொல்லிக் கொடுக்கும்போது மட்டும் பக்கத்துப் பையனிடம், "இப்போது நீ அடி" என்பாய். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்ட அன்றுதான் உன்னைப் பற்றி எனக்குத் தைரியம் வந்தது. இதை உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த ஈரத்தில் தப்பின் தோல் தொய்ந்துவிட்டது. தீயில் காட்டினாலும் அரை மணி நேரம் தாங்கவில்லை. தோல் மாற்றிக் கட்டுபவர் யாராவது கோவைப் பக்கம் இருக்கிறாரா என்று விசாரித்து வை. பொங்கலுக்கு வரும்போது எடுத்துப் போகலாம். சனிக்கிழமை இப்போது பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள், இருப்பது ஒரே தப்பு. முடிந்தால் இன்னொன்றும் வாங்கி வா.

அன்புடன்,
அம்மா